முதல் ரைபிள் வகுப்பு: சுடுவதற்கு முன்னால் இறக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

காட்பாடியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளோடு வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏர் ரைபிள் அறிமுக வகுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். மகள் கண்ணாடி போடுபவள், இடது கைப் பழக்கம். அம்மாவுக்குத் துப்பாக்கியைத் தொடவே பயம். மகளைத் தனியே அனுப்ப மனமில்லாமல் தானும் சேர்ந்திருக்கிறார். லைசென்ஸ் வேண்டுமா, என்ன உடுத்துவது, தோளில் இடிக்குமா, அங்கே என்னதான் செய்யச் சொல்வார்கள், நாளைக்குப் போலீஸ், ராணுவ வேலைக்கு இது உதவுமா என்பவை அவருடைய கேள்விகள்.

சகோதரி, உங்கள் பயத்திலிருந்தே தொடங்குகிறேன். கல்லூரி நாளில் என்.சி.சி.யில் .22 ரைபிளைக் கையில் எடுத்தவன் நான். அப்புறம் ஏர் ரைபிளுக்கு வந்து, இப்போது சில வருடங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பயந்து நடுங்கி வந்த ஒருவரால் ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சிக் கூடத்தில், ஒரு தப்பு நடந்து நான் பார்த்ததே இல்லை. அவர்கள் ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் ரைபிளைத் தொடுவார்கள். என் மனதைப் பதற வைப்பவர்கள் வேறு ஆட்கள். திருவிழாவில் பலூன் சுட்டுப் பழகியவர்கள், "இதெல்லாம் எனக்குத் தெரியும் சார்" என்று சொல்லிக்கொண்டே குழாயை எதிரில் நிற்பவர் வயிற்றுக்கு நேராகத் திருப்புகிறவர்கள். அதனால் அந்தப் பயத்தை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டாம். நடுக்கம் அரை மணி நேரத்தில் போய்விடும். கவனம் மட்டும் தங்கும். தங்கட்டும்.

எனக்குச் சொல்லிக்கொடுத்த ஹவில்தார் முதல் நாள் ஒரு தோட்டாகூடக் கையில் தரவில்லை. காலி ரைபிளோடு தரையில் படுக்க வைத்தார். குழாயின் முனைப்பக்கம் ஒரு எட்டணாவை வைத்து, அது விழாமல் ட்ரிக்கரை இழுக்கச் சொன்னார். காசு விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் அவர் சொன்ன வழி இதுதான்: விழப்போகிறது என்று தெரிந்தால் இழுக்காதே, விரலை வெளியே எடு, மூச்சு விடு, முதலிலிருந்து ஆரம்பி. அன்று சாயங்காலம் வரை நான் கற்றது அதை மட்டும்தான். இன்றைக்கும் புதிதாக வருபவர்களிடம் நான் எதிர்பார்ப்பது அந்த ஒன்றைத்தான். ரைபிளைத் தூக்கி, குறி பார்த்து, சரியில்லை என்று பட்டால் சுடாமல் இறக்கி வைக்கிற மனசு வேண்டும். கீழே நான் சொல்வது எல்லாம் சுற்றிச் சுற்றி அங்கேதான் வரும்.

சரி, லைசென்ஸ். போட்டிகளில் பயன்படும் ஏர் ரைபிளின் குழாய் அளவு 4.5 மில்லிமீட்டர், பழைய கணக்கில் .177 அங்குலம். இந்த அளவில், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலுள்ள ஏர் ரைபிளுக்கு 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. போட்டி ரைபிள்கள் அதற்கு வெகு கீழே, ஏறக்குறைய 7.5 ஜூலில்தான் நிற்கின்றன. ஆகவே வகுப்பில் சுட உங்களுக்கும் மகளுக்கும் லைசென்ஸ் வேண்டாம். ஆதார் நகல், மகளின் வயதுச் சான்று, சின்ன போட்டோ, பெற்றோர் கையெழுத்து இவற்றைக் கேட்கலாம், கையோடு எடுத்துப் போங்கள். .22 ரைபிள் வேறு கதை. அது வெடிமருந்தில் இயங்குவது, ஆயுதச் சட்டத்துக்குள் முழுமையாக வருவது. அறிமுக வகுப்பில் அது உங்கள் கைக்கு வராது.

லைசென்ஸ் இல்லை என்பதால் இதை விளையாட்டுச் சாமான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 7.5 ஜூல் ஒரு கண்ணைப் பறிக்கப் போதும். நம் ஊர்ப் பக்கம் ஏர் கன்னைக் குருவி சுடும் துப்பாக்கி என்றே இன்னும் சொல்கிறார்கள். அந்தப் பேச்சு வீட்டில் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். காட்டுப் பறவையைச் சுடுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின்படி குற்றம். அதைவிட முக்கியம், உயிரைக் குறி பார்த்துப் பழகிய கையை டார்கெட் பேப்பருக்குத் திருப்புவது கடினம். இரண்டும் வேறு வேறு மனநிலை.

எந்த ரேஞ்ச் என்று நீங்கள் சொல்லவில்லை. எதுவாக இருந்தாலும் சனிக்கிழமையே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பயிற்சி நடக்கும் நேரமாகப் போங்கள். கால் மணி நேரம் பின்னால் நின்று பார்த்தால் போதும், இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். சுடாமல் கிடக்கும் ரைபிள்களின் குழாயில் பளிச்சென்ற ஆரஞ்சு நிறக் கயிறு ஒன்று முனையிலிருந்து, பெல்லட் என்கிற சின்ன ஈயக் குண்டு உட்காரும் உள்ளறை வரை ஓடுகிறதா என்று பாருங்கள். குழாய் காலி என்பதற்கு அதுதான் அத்தாட்சி. டார்கெட் மாற்ற யாராவது முன்னால் போகும்போது மற்ற எல்லாரும் ரைபிளை விட்டு விலகிக் கை கட்டி நிற்கிறார்களா? ஆணை கொடுப்பது ஒரே ஒரு குரலா, இல்லை ஆளுக்கொரு பேச்சா? டார்கெட்டுக்குப் பக்கத்தில் திறக்கிற கதவு ஏதும் உண்டா? இவற்றில் ஒன்று இடித்தாலும் கோச்சிடம் கேளுங்கள். நல்ல கோச் கோபப்பட மாட்டார், சந்தோஷப்படுவார். தமிழ்நாடு ஷூட்டிங் அசோசியேஷனோடு இணைந்த கிளப்பா என்பதையும் விசாரியுங்கள். மகள் தொடர்ந்து சுட்டு மாநிலப் போட்டி வரை போக நினைத்தால் அந்த வழியாகத்தான் போக வேண்டும். அதற்கு மேலே 1951-இல் தொடங்கிய இந்திய தேசிய ரைபிள் சங்கம் இருக்கிறது.

நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. இளவயதில் ஒரு முகாமில் காதுக்கு எதுவும் தராமல் எங்களை வரிசையாக .22 சுட வைத்தார்கள். கேட்கவும் எங்களுக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் காதுக்குள் சில்வண்டு கத்துவது போல் இருந்தது. ஏர் ரைபிள் அவ்வளவு சத்தம் போடாது. ஆனாலும் மூடிய அறையில் பத்துப் பேர் சேர்ந்து சுட்டால் காது களைத்துப்போகும். மெடிக்கல் கடையில் நுரை போல அமுங்குகிற காதடைப்பு கிடைக்கும், ஆளுக்கு ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள்.

உடை விஷயத்தில் ஒன்றே ஒன்றுதான், உடம்பை ஒட்டி இருக்க வேண்டும், தொங்கக் கூடாது. துப்பட்டா இல்லாமல் டீ ஷர்ட்டும் டிராக் பேண்டும் இருவருக்கும் வசதி. கழுத்து மூடிய டீ ஷர்ட் நல்லது. கண்ணாடி வளையல், நீளமான காதணி, மோதிரம் எல்லாம் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ரைபிளின் மரம் கன்னத்தில் அழுந்தும், காதணி குத்தும். மகளுக்குப் பின்னலைத் தூக்கி கொண்டையாகக் கட்டிவிடுங்கள். முன்னால் விழுந்த பின்னல், கண்ணருகே குறி பார்க்க வைத்திருக்கும் பின் சைட்டை மறைத்து, அதை ஒதுக்க ட்ரிக்கர் கை எழும்பும். அந்த ஒரு நொடி எனக்குப் பிடிக்காது. செருப்பு வேண்டாம். மெத்தை வைத்த ஓட்டப் பந்தய ஷூவும் வேண்டாம், அதில் நின்றால் உடம்பு ஆடும். பள்ளிக்கூடத்துக்குப் போடும் தட்டையான கேன்வாஸ் ஷூ அருமையாக இருக்கும். சுடுகிறவர்கள் போட்டுக்கொள்ளும் கனத்த ஜாக்கெட்டைப் பார்த்து மகள் ஆசைப்படுவாள். முதல் சில மாதங்களுக்கு அது வேண்டாம். ஜாக்கெட் தாங்கிப் பிடிக்கும்போது எலும்பு எங்கே தாங்க வேண்டும் என்பது உடம்புக்குத் தெரியாமலே போகும்.

மரமில்லா மலை என்று நம் வேலூரைப் பற்றிச் சும்மாவா சொன்னார்கள். பத்து மணிக்கு மேல் பாறை சூடேறி, தகரக் கூரை போட்ட ரேஞ்ச் என்றால் அடுப்படிபோல ஆகிவிடும். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கினால் அன்றைய பயிற்சி அவ்வளவுதான். கைக்குட்டை போதாது, ஒரு சின்னத் துண்டு வேண்டும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். காலையில் இரண்டு மூன்று இட்லி, வகுப்புக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே. வெறும் வயிற்றோடு வந்தால் கை நடுங்கும், வயிறு முட்டச் சாப்பிட்டால் மூச்சு ஏறி இறங்குவது குழாயில் தெரியும். காபி பழக்கம் உள்ளவர் அன்றைக்கு மட்டும் நிறுத்த வேண்டாம், தலைவலி வரும். அரை டம்ளரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முந்தின நாள் ராத்திரி தூக்கம் எல்லாவற்றையும்விட முக்கியம்.

இனி உள்ளே நடப்பது.

முதலில் பாதுகாப்புப் பேச்சு இருக்கும். தூக்கம் வருகிற மாதிரி இருந்தாலும் கேளுங்கள். எந்த ரைபிளையும் தோட்டா உள்ளதாகவே நினைக்க வேண்டும். கோச்சே "காலி" என்று சொல்லிக் கொடுத்தாலும் நீங்களும் திறந்து பார்க்க வேண்டும். இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. குழாய் எப்போதும் டார்கெட் இருக்கும் திசையிலேயே இருக்க வேண்டும். சுடத் தயாராகும் வரை விரல் ட்ரிக்கருக்கு வெளியே, மரத்தின் மேல் நீட்டியபடி இருக்க வேண்டும். ஆணைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும்: லோட், ஸ்டார்ட், ஸ்டாப், அன்லோட். என்.சி.சி.யில் எங்களுக்கு இந்தியில் "பர்", "காலி கர்" என்று வந்தது. மொழி எதுவானாலும் சரி, "ஸ்டாப்" என்று யார் குரலில் கேட்டாலும் விரல் வெளியே வந்துவிட வேண்டும். கோச்தான் சொன்னாரா என்று யோசிக்கிற நேரம் அது இல்லை. ஆபத்தைக் கண்டால் நீங்களும் ஸ்டாப் சொல்லலாம். முதல் நாள் வந்தவருக்கும் அந்த உரிமை உண்டு.

புதியவர்கள் ஆபத்தை உண்டாக்குவது பெரும்பாலும் ஒரே ஒரு சமயத்தில்தான். ட்ரிக்கரை இழுத்தும் சுடவில்லை, அல்லது பெல்லட் உட்காரவில்லை. உடனே "சார், இது வேலை செய்யவில்லை" என்று ரைபிளோடு சேர்ந்து திரும்புவார்கள். குழாய் பக்கத்து லேனில் உள்ள எல்லாரையும் ஒரு சுற்றுச் சுற்றி வரும். போன் அடித்து, அதை எடுக்க ரைபிளோடு திரும்பிய ஒருவரை நானே தோளைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். எது நடந்தாலும் ரைபிள் முன்னால் பார்த்தபடியே இருக்கட்டும், சும்மா இருக்கும் கையைத் தூக்குங்கள், கோச் வருவார். இதை இன்றைக்கே வீட்டில் ஒரு துடைப்பக் கட்டையை வைத்து மகளோடு பத்து முறை செய்து பாருங்கள். அவள் கட்டையைப் பிடித்துக் குறி பார்க்கட்டும், நீங்கள் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்பாமல் கையை மட்டும் தூக்குகிறாளா பாருங்கள். அப்புறம் அவள் உங்களைக் கூப்பிடட்டும்.

தோளில் இடிக்குமா என்று கேட்டீர்கள். இடிக்காது. ஏர் ரைபிளில் வெடிமருந்து கிடையாது, அடைத்து வைத்த காற்று அரை கிராம் எடையுள்ள ஈயப் பெல்லட்டைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். ஆனால் எடை தெரியும். போட்டி விதி 5.5 கிலோ வரை அனுமதிக்கிறது, பயிற்சிக்குக் கொடுப்பது அதைவிடக் குறைவாக இருக்கும். முதல் நாள் மேசையில் தாங்கு வைத்து, உட்கார்ந்து சுடச் சொன்னால் சந்தோஷமாகச் செய்யுங்கள். நிற்கவைத்துச் சுடச் சொல்லவில்லையே என்று மகள் முகம் சுளித்தால் சொல்லுங்கள்: கண்ணும் விரலும் சேர்ந்து வேலை செய்யப் பழகிய பிறகுதான் காலுக்கு வேலை.

கண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மகளுக்கு இடது கைப் பழக்கம். கை இடதானால் கண்ணும் இடதாக இருக்கும் என்று கிடையாது. வேலூரில் எந்த மாடியில் ஏறினாலும் ஒரு மலை தெரியும். அவளை அங்கே நிறுத்தி, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து ஒரு சின்ன இடைவெளி வரும்படி வைக்கச் சொல்லுங்கள். இரு கண்ணும் திறந்தபடி அந்த இடைவெளி வழியே மலை மேல் ஒரு பாறையைப் பார்க்கட்டும். இப்போது ஒரு கண்ணை மூடி, பிறகு மற்றொன்றை மூடட்டும். எந்தக் கண் திறந்திருக்கும்போது பாறை இடைவெளிக்குள்ளேயே நிற்கிறதோ, அதுதான் அவளுடைய ஆளும் கண். இடது கையும் இடது கண்ணும் சேர்ந்து வந்தால் கவலையே இல்லை, இடது தோளில் சுடுவாள். கை இடது, கண் வலது என்று வந்தால் கண் பக்கம் போவதுதான் நல்லது என்பது என் அனுபவம். ட்ரிக்கர் இழுப்பதை எந்த விரலும் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளும், கண்ணை மாற்றுவது கடினம். இடது கைக்கென்றே செய்த மரப்பிடி கிளப்பில் இருக்கிறதா என்று சனிக்கிழமை கேட்டு வையுங்கள். வலது கைக்காரர் பிடியில் இடது கன்னத்தை வைத்து வாரக்கணக்கில் கழுத்து வலியோடு சுட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

கண்ணாடி தடையே அல்ல. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் வெண்கலம் வாங்கிய ககன் நரங் கண்ணாடி அணிபவர்தான், பிறந்ததும் சென்னையில். அவள் வழக்கமாகப் போடும் கண்ணாடியையே போட்டுக்கொள்ளட்டும். தலையைக் குனிந்து சட்டத்தின் ஓரம் வழியாகப் பார்க்காமல் நடுவில் பார்க்கிறாளா என்பதை மட்டும் கோச்சிடம் கவனிக்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணை இறுக மூடிச் சுட வேண்டாம், சில நிமிடத்தில் திறந்த கண்ணும் சேர்ந்து இழுக்கும். மூட நினைக்கும் கண்ணுக்கு முன்னால் ஒரு வெள்ளை அட்டைத் துண்டை மறைப்பாக வைத்துக்கொண்டால் இரண்டும் திறந்தே இருக்கும்.

குறி பார்ப்பதில் எல்லாரும் செய்யும் பிழை டார்கெட்டைத் தெளிவாகப் பார்க்க முயல்வது. பார்க்க வேண்டியது குழாய் முனையில் இருக்கும் முன் சைட்டை. அது கூர்மையாகத் தெரிய வேண்டும், டார்கெட்டின் கறுப்பு வட்டம் லேசாக மங்கியிருக்கட்டும். காரணம் எளிய கணக்கு. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் 80 சென்டிமீட்டர் இடைவெளி என்று வையுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று 1 மில்லிமீட்டர் பிசகினால், 10 மீட்டர் தள்ளி அது 12.5 மில்லிமீட்டர் ஆகிவிடும். ஏர் ரைபிள் டார்கெட்டில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் 2.5 மில்லிமீட்டர்தான். ஆக ஐந்து வளையம் போய்விட்டது. இரண்டு சைட்டும் சரியாக இருந்து, மொத்த ரைபிளும் பக்கவாட்டில் 1 மில்லிமீட்டர் நகர்ந்திருந்தால் இழப்பும் அந்த 1 மில்லிமீட்டர்தான். அதனால்தான் டார்கெட்டை மறந்து சைட்டைப் பார்க்கச் சொல்கிறோம். நடுவில் இருக்கும் பத்துப் புள்ளியின் குறுக்களவு வெறும் 0.5 மில்லிமீட்டர், பேனாவால் வைத்த முற்றுப்புள்ளி அளவு. பெல்லட்டின் ஓரம் அதைத் தொட்டாலே பத்து கிடைக்கும். போட்டியில் 60 முறை, ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 10.9 என்று 654 வரை எண்ணுவார்கள். அதெல்லாம் பின்னால். முதல் நாள் எண் எதையும் கூட்டிப் பார்க்காதீர்கள்.

பார்க்க வேண்டியது குரூப். ஐந்து பெல்லட் சுட்டால் ஐந்து ஓட்டையும் எவ்வளவு நெருங்கி விழுந்தன என்பதுதான் பாடம். ஐந்தும் இடது கீழ் மூலையில் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கினால் அது அருமையான சுடுதல். பின் சைட்டில் இரண்டு திருகைத் திருப்பினால் அப்படியே நடுவுக்கு வந்துவிடும். ஒன்று பத்திலும், ஒன்று மூன்றிலும், ஒன்று பேப்பருக்கு வெளியிலும் விழுந்தால் எந்தத் திருகாலும் ஒன்றும் செய்ய முடியாது. அந்த ஒரு பத்து, தானாக வந்தது.

மூச்சை இழுத்து அடக்கச் சொல்வார்கள் என்று பலரும் நினைத்து வருகிறார்கள். சாதாரணமாக மூச்சு விடுங்கள். விட்டு முடிந்து அடுத்ததை இழுப்பதற்கு முன்னால் உடம்பே ஒரு சின்ன இடைவெளி தருகிறது, அங்கே சுட வேண்டும். ஐந்தாறு நொடிக்குள் நடக்கவில்லை என்றால் கண்ணுக்குக் காற்று குறைந்து படம் மங்கும், இதயத் துடிப்பு குழாயில் தெரியும். அப்போது விரல் அவசரப்படும். "இப்போது, இப்போது, விட்டால் போய்விடும்" என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்கும். இறக்கி வையுங்கள் என்று நான் சொல்வது அந்த நொடிக்காகத்தான். ட்ரிக்கரைப் பட்டென்று தட்டாமல், எலுமிச்சம்பழத்தைச் சொட்டுச் சொட்டாகப் பிழிவது போல விரலின் முதல் கணுவால் நேர் பின்னோக்கி அழுத்துங்கள். எப்போது சுடும் என்று உங்களுக்கே சரியாகத் தெரியாமல் இருப்பது நல்லது. சுட்ட பிறகும் ஒன்று, இரண்டு என்று எண்ணும் வரை அப்படியே பார்த்துக்கொண்டிருங்கள். விரல் இழுத்து முடித்த பிறகும் பெல்லட் ஒரு கணம் குழாய்க்குள்தான் ஓடிக்கொண்டிருக்கும். எங்கே பட்டது என்று பார்க்கத் தலையைத் தூக்கினால் அந்தக் கணத்திலேயே குறி கெட்டுவிடும்.

குடியாத்தத்திலிருந்து பஸ் பிடித்து வந்த ஒரு மாணவி ஞாபகத்துக்கு வருகிறாள். முதல் வகுப்பு, கையில் ஐந்து பெல்லட். எடுப்பாள், பார்ப்பாள், இறக்குவாள். மறுபடி எடுப்பாள், இறக்குவாள். பின்னால் உட்கார்ந்திருந்த அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "பயப்படாம சுடும்மா, எல்லாரும் சுட்டு முடிச்சிட்டாங்க" என்று மூன்றாவது தடவை குரல் கொடுத்தார். அவரை மெதுவாக வெளியே கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தேன். பயத்தில் அவள் இறக்கவில்லை. சைட் ஆடுவது அவளுக்குத் தெரிந்தது, அதனால் இறக்கினாள். அன்று வந்த பன்னிரண்டு பேரில் அது தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஐந்தும் ஒரே குலையாக விழுந்தன, வட்டத்துக்கு வெகு மேலே. பேப்பரைப் பார்த்து அப்பா, "ஒண்ணுகூட நடுவுல இல்லையே சார்" என்றார். அந்தக் குலையை விரலால் சுற்றிக் காட்டி அவருக்குப் புரியவைக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது. ஞாயிறு அன்று உங்கள் மகள் இறக்கினால் பின்னாலிருந்து ஒன்றும் சொல்லாதீர்கள். நீங்கள் இறக்கும்போது அவளும் ஒன்றும் சொல்லக் கூடாது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்கு உதவுமா என்ற கேள்வி நம் மாவட்டத்தில் வராமல் இருக்காது. கணியம்பாடிப் பக்கம் கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் என்று பெருமையாகச் சொல்லும் ஊரில் வளர்ந்தவர்கள் நாம். உள்ளதைச் சொல்கிறேன். ஏர் ரைபிள் வகுப்புக்குப் போனதாலேயே எந்த வேலையும் வராது. ராணுவத்திலும் போலீசிலும் சுடுவதை அவர்களே முதலிலிருந்து சொல்லிக்கொடுத்துக்கொள்வார்கள். மாநில, தேசிய அளவில் பதக்கம் எடுத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கதவு திறக்கும், அது வருடக்கணக்கான உழைப்பு. சீருடை ஆசை உண்மையிலேயே இருந்தால் அவள் பள்ளியில் என்.சி.சி. இருக்கிறதா என்று பாருங்கள், அங்கே கிடைக்கும் சான்றிதழுக்குத் தனி மதிப்பு உண்டு. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இதே 10 மீட்டர் ஏர் ரைபிளில் 2019-இல் உலகக் கோப்பைத் தங்கம் வென்றார். அவரைப் பற்றி மகளிடம் சொல்லுங்கள், ஆசை வரட்டும். ஆனால் முதல் மூன்று மாதம் ரைபிள் வாங்க வேண்டாம். வெளிநாட்டுப் போட்டி ரைபிள் லட்சக்கணக்கில் போகும், பிள்ளை வளர வளரப் பிடியின் அளவும் மாறும். கிளப் ரைபிளில் பழகட்டும். ஆர்வம் நிலைத்தால் உள்நாட்டுத் தயாரிப்பில் தொடங்கலாம்.

ஒன்று மறந்துவிட்டேன், அது முக்கியமானது. பெல்லட் முழுக்க ஈயம். பெல்லட்டை வாயில் கவ்வி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் பழக்கம் பெரியவர்களிடமே இருக்கிறது, மகள் அதைப் பார்த்துச் செய்யாமல் தடுங்கள். ரேஞ்சுக்குள் பிஸ்கட், முறுக்கு எதுவும் வேண்டாம். தண்ணீர் குடிப்பதானால் வெளியே வந்து, கை கழுவிவிட்டுக் குடியுங்கள். முடிந்ததும் சோப்புப் போட்டு குளிர்ந்த தண்ணீரில் கையையும் முகத்தையும் நன்றாகக் கழுவுங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்த உடையைக் கழற்றித் தனியாகத் துவைக்கப் போடுங்கள். பாக்கெட்டில் தப்பித் தவறி ஒரு பெல்லட் வந்திருக்கும், துவைப்பதற்கு முன் தடவிப் பாருங்கள். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் இதை இரண்டு மடங்கு கவனியுங்கள்.

திங்கட்கிழமை இடது தோளும் இடுப்பும் கொஞ்சம் வலிக்கலாம், மகளுக்கு வலது பக்கமாக இருக்கலாம். ரைபிளைத் தாங்கிய பக்கம் அது. வெந்நீர் ஒத்தடம் போதும். கழுத்தில் வலி என்றால் தலையைக் குனிந்து சுட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம், அடுத்த வாரம் கோச்சிடம் சொல்லுங்கள், ரைபிளின் பின் முனையைத் தோளில் ஒரு விரல் உயர்த்தி வைப்பார்.

கிளம்பும்போது இருவருடைய முதல் டார்கெட் பேப்பரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின்பக்கம் தேதி எழுதுங்கள். எத்தனை முறை சுடாமல் இறக்கினீர்கள் என்பதையும் அதன் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். அடுத்த முறை எழுதும்போது எனக்கு அந்த எண்ணிக்கையை முதலில் சொல்லுங்கள்.